தெலுக் இந்தானில் சாப்பிட வருகிறவர்கள் முதலில் மணி பாருங்கள்

போன பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து என் சின்னம்மா மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். காலை பத்து மணிக்கு மேல் வீட்டைவிட்டுக் கிளம்பி, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, மத்தியானம் மூன்று மணிக்கு ஊருக்குள் இறங்கி, சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல ஆளுக்கு நாலு படம் எடுத்துவிட்டு, வாழையிலைச் சாப்பாடு வேண்டும் என்றான். மூன்று மணிக்கு! ரசம் அடிமண்டியாகி, அப்பளம் நமத்து, பொரியல் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் நேரம் அது. வேண்டாம்டா, மீ ரெபுஸ் (குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) சாப்பிடலாம் என்றேன், கேட்கவில்லை. திரும்பிப் போனதும் குடும்ப வாட்சாப்பில் "ஊர்ச் சாப்பாடு சுமார்தான்" என்று எழுதிவிட்டான். அந்த ஒரு வரி வயிற்றெரிச்சலில்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் குலை லாரி ஓட்டுகிறவன். தோட்டத்திலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து தோட்டத்துக்கு, இருபது வருஷத்துக்கு மேல் இதே ஓட்டம். ஆலை வாசலில் வரிசை நீண்டால் மத்தியானச் சோறு நாலு மணிக்கு, மழை பெய்து மண்சாலையில் லாரி புதைந்தால் ராத்திரிச் சோறு பன்னிரண்டு மணிக்கு. அப்படி எல்லா நேரத்திலும் எல்லாக் கடையிலும் உட்கார்ந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். இந்த ஊரில் ஒரே கடை ஏழு மணிக்கு ஒரு கடை, பதினோரு மணிக்கு வேறு கடை. 'எங்கே நல்லா இருக்கும்' என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும், 'எத்தனை மணிக்கு' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஊர் உண்டான விதம் அப்படி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பேராக் ஆறு பாம்பு மாதிரி வளைந்து திரும்பும் இடத்தில் துறைமுகமாக வளர்ந்த ஊர். 1882-இல் ஆன்சன் துரையின் பேரை வைத்து தெலுக் ஆன்சன் ஆக்கினார்கள், சரியாக நூறு வருஷம் கழித்து 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. என் அப்பா கடைசி வரைக்கும் "ஆன்சன் போறேன்" என்றுதான் சொன்னார். சுற்றிலும் தோட்டம்: ஜெண்டராட்டா, சபராங், நோவா ஸ்கோஷியா, செலாபா, ருபானா. பால்மரம் (ரப்பர்) இருந்த காலத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இப்போது பெரும்பாலும் செம்பனை, ஆனாலும் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, விடியும் முன்னே வந்து நிற்கத்தான் வேண்டும். ஊத்தான் மெலிந்தாங் மீன்பிடிக்காரர்களுக்குக் கடல் ஏற்ற இறக்கம்தான் கணக்கு. சுங்கை மானிக் பக்கம் நெல் போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு, சந்தையில் காய்கறி இறக்குகிறவர்களுக்கு வேறு கணக்கு. ஒவ்வொருவர் வயிறும் ஒவ்வொரு மணிக்குப் பசிக்கிறது, அந்தந்த வயிற்றை நம்பித்தான் கடை திறந்திருக்கிறார்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டவர்கள், அவர்களுக்காக யாரும் நேரத்தை மாற்றவில்லை.

சரி, விடியற்காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஐந்தரை மணிக்குச் சந்தைப் பக்கத்துச் சீனர் காப்பிக்கடை. பசியாற இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை என்பது என் கட்சி, என் மனைவி தோசைக் கட்சி. பளிங்கு மேசை, மரநாற்காலி, மேலே ஆடி ஆடிச் சுற்றும் காற்றாடி. காப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிற பழக்கம் இங்கே, அதனால்தான் நம் காப்பிக்கு அந்தக் கருப்பும் லேசான தீய்ந்த வாசமும். துணிப்பையில் வடிகட்டி, குட்டையான தடித்த கோப்பையில் ஊற்றி, தட்டிலும் கொஞ்சம் சிந்தவிட்டுக் கொண்டுவந்து வைப்பார் கடைக்காரப் பெரியவர். அவரை எல்லாரும் அங்கிள் என்போம். தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவர், அவர் அப்பா அங்கே கடை வைத்திருந்தார். "என்னா அண்ணே, இன்னிக்கி லேட்டு" என்று அவர் கேட்கிற தமிழில் தோட்டத்து வாடை அடிக்கும். என் பிள்ளைகள் பேசுகிற தமிழைவிட அது நல்ல தமிழ், இதை அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சின்னப் பாடம். 'கோப்பி' என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் போட்டு வரும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. 'ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை சீனியும் இல்லை. 'சி' என்றால் இனிப்பில்லாத டின் பால். கடைசியில் 'பிங்' சேர்த்தால் ஐஸ். 'குராங் மானிஸ்' என்றால் இனிப்பைக் குறைப்பார்கள், ஆனால் இங்கே குறைத்த இனிப்பே சென்னையில் சாதாரண இனிப்புக்குச் சமம். சர்க்கரை வியாதிக்காரர்கள் நேரே கோசோங்குக்குப் போய்விடுவது நல்லது, நான் போய் மூன்று வருஷம் ஆகிறது.

இன்னொன்று, மேசை காலியாக இல்லையென்றால் யார் மேசையிலாவது உட்காரலாம், தலையசைத்தால் போதும். காப்பிக்கடைக்காரர் காப்பி, டீ மாதிரிக் குடிக்கிறது மட்டும்தான் விற்பார், சாப்பாடு உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஒட்டுக்கடையிலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், காசும் தனித்தனி. பழைய காலத்தில் சிகரெட்டும் கையுமாக அங்கேயே ஒரு மணி நேரம் உட்காருவோம். 2019 ஜனவரியிலிருந்து சாப்பாட்டுக் கடைகளில் புகை பிடிக்கத் தடை வந்த பிறகு, வெளியே போய் வெயிலில் நின்று பிடிப்பதற்குச் சோம்பல்பட்டே பாதிக்குப் பாதி குறைத்துவிட்டேன்.

ஆறரை, ஏழுக்கு ரொட்டி சானாய். இது நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டிய பொருள்களில் தலையாயது. நான் போகும் கடையில் கல்லில் நிற்கிறவர் தமிழ் முஸ்லிம், பாய் என்று கூப்பிடுவோம். முந்தின இரவே மாவைப் பிசைந்து உருண்டை பிடித்து, எண்ணெயில் முக்கி அடுக்கி வைத்திருப்பார். ஒரு உருண்டையை எடுத்து உள்ளங்கையால் அழுத்தி, ஓரத்தைப் பிடித்து இரண்டு வீசு, மூன்றாவது வீச்சில் மேசை தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போட்டு, ஒருபுறம் சிவந்ததும் திருப்பி, எடுத்த கையோடு மேசையில் வைத்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஒரு தட்டு. அந்தத் தட்டில்தான் விஷயமே இருக்கிறது. அடுக்கெல்லாம் பிரிந்து, உள்ளே இருந்த ஆவி வெளியேறி, மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஏழரை மணி வரைக்கும் ஒவ்வொன்றையும் தட்டுவார். எட்டரைக்கு மேல் கூட்டம் சேர்ந்ததும் இருபது முப்பதை ஒரேயடியாகச் சுட்டு அடுக்கிவிடுவார், தட்டமாட்டார். அடுக்கி வைத்த ரொட்டி தன் ஆவியிலேயே வெந்து தோல் மாதிரி ஆகிவிடும். ஒரே பாய், ஒரே மாவு, அதே ஒரு வெள்ளி (ரிங்கிட்) ஐம்பது சென் விலை, ஆனால் பொருள் வேறு. 'பஞ்சிர்' என்று சொல்லிக் குழம்பை மேலே ஊற்றி மூழ்கடித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அவர்கள் எட்டரைக்கே வரட்டும்.

மனைவியின் தோசைக் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். நம்மவர் கடை, காலை மட்டும், அம்மாவும் மகளுமாக நடத்துகிறார்கள். மாவு புளித்த பதம் சரியாக இருக்கிறது, சட்னி மூன்று வகை, சாம்பாரில் மட்டும் கிழங்கு அதிகம். அவ்வளவுதான், குறை என்று வேறில்லை. கடை திறக்காத நாளுக்குப் புட்டு மாயம் இருக்கிறது. இடியப்பத்துக்கு இந்த நாட்டில் அதுதான் பேர், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் சேர்த்துத் தருவார்கள். மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு 'பாம் பாம்' என்று அடித்தபடி தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) வருவார்கள், கைலியைக் கட்டிக்கொண்டு ஓடினால்தான் பிடிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இடியப்பத்துக்குச் சீனியா என்று முகம் சுளித்தார், நாலாம் நாள் அவரே கேட் பக்கம் காத்துக்கொண்டிருந்தார்.

சங்காட் ஜோங் சாலையோரத்தில் குடையை நட்டு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலும்) விற்கும் மலாய்க்காரப் பெண்களும் உண்டு. வாழையிலையில் கட்டியது, பெரியவர் என்றால் மச்சிக், நம்மைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்றால் காக். சம்பலை ருசித்துப் பார்த்து எது நல்லது என்று தேடவெல்லாம் தேவையில்லை. எந்தக் குடை முன்னால் தோட்டத்து மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றனவோ அங்கே வாங்குங்கள். எட்டு மணிக்குக் குடையை மடக்கிவிடுவார்கள்.

இப்போது சீ சோங் ஃபன். இந்த ஊர் பேரைச் சொன்னால் நாட்டில் எல்லாரும் கேட்பது இதைத்தான். மற்ற ஊர்களில் இது வெறும் அரிசிமாவுச் சுருள், மேலே ஏதாவது இனிப்புச் சாறோ காரச் சாறோ ஊற்றித் தருவார்கள். எங்கள் ஊரில் சாறு கிடையாது. ஆவியில் வேகவைத்த மாவு ஏட்டுக்குள்ளேயே காய்ந்த இறால், செங்குவாங் கிழங்கு, வதக்கிய சின்ன வெங்காயம் எல்லாம் வைத்துச் சுருட்டிவிடுவார்கள். காகிதத்தில் கட்டித் தருவதைப் பிரித்ததும் முதலில் மூக்கைத் தொடுவது வெங்காயம், அப்புறம் இறால். கூட ஊறவைத்த பச்சை மிளகாய், அது இல்லாமல் சாப்பிடவே கூடாது, எண்ணெய்ப் பிசுபிசுப்பை அந்தப் புளிப்புதான் வெட்டும். சுருள் சூடாக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு போகும், ஆறினால் இறுகிவிடும், குளிர்பெட்டியில் வைத்தால் மெழுகுவர்த்திதான். ஆகவே கோலாலம்பூருக்குக் கட்டிக்கொண்டு போகிறேன் என்று பத்துப் பொட்டலம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடைக்குக் கடை நேரம் வேறு, விடுமுறை நாளில் வெளியூர் வரிசை அரை மணி நேரம்கூட நிற்கும். அதைவிட முக்கியம், சில கடையில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், சில கடையில் சேர்ப்பதில்லை. 'போர்க் இருக்கா' என்று நேராகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சைவக்காரர்களுக்கு இறால் இல்லாமல் தரச் சொல்லி எங்கள் அத்தை ஒருமுறை கேட்டார். கடைக்காரர் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா நீங்க வெறும் மாவுதான் சாப்பிடணும் ஆன்ட்டி" என்று மலாயில் சொன்னார். உண்மைதான்.

மத்தியானம். வாழையிலைக்குப் பன்னிரண்டிலிருந்து ஒன்றே கால், அதற்குள் உட்கார்ந்தால்தான் உட்கார்ந்ததாகக் கணக்கு. ஊரில் ஐந்தாறு கடை தேறும். சைவச் சாப்பாடு பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும், சோறும் காயும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், பிரட்டலும் மீனும் தனிக் காசு. என் சின்னம்மா மகன் ஏமாந்த கடையைப் பேர் சொல்லப் போவதில்லை, நானும் அங்கே ஒருமுறை இரண்டரைக்குப் போய் மாட்டியிருக்கிறேன். முட்டைக்கோஸ் பொரியலைச் சூடு பண்ணிச் சூடு பண்ணிப் பழுப்பாக்கி வைத்திருந்தார்கள், ரசத்தில் மல்லித்தழை கறுத்து மிதந்தது. அதே கடையில் பன்னிரண்டே காலுக்குப் போனால் நண்டு ரசம் தனியாக ஒரு குவளையில் வரும், மிளகு தொண்டையில் நின்று பேசும். அதனால் அந்தக் கடையைத் திட்டவும் மனசு வரவில்லை. இரண்டு மணியோடு பலகையைப் போட்டுக் கடையை மூடிவிட்டால் யாருக்கும் வம்பில்லை.

என் சொந்த ஓட்டு வாழையிலைக் கடைக்கு இல்லை. தோட்டத்துச் சாலையில், பழைய லயத்து வீடுகளைத் தாண்டி, தகரக் கூரை போட்ட கடை ஒன்று. பலகை கிடையாது, லாரி நிறுத்த இடம் இருக்கிறது, எனக்கு அதுதான் முதல் தகுதி. ஒரு அக்கா சமைக்கிறார். காலை பத்தரைக்கெல்லாம் இரண்டு சட்டி இறங்கியிருக்கும்: ஒன்றில் கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டது, இன்னொன்றில் கிடைக்கிற நாளில் காட்டுப்பன்றிப் பிரட்டல். காட்டுப்பன்றி நாட்டுப்பன்றி மாதிரி இல்லை, கொழுப்பு கம்மி, நார் அதிகம், சும்மா வேகவைத்தால் செருப்புதான். அவர் நிறைய இஞ்சியும் மிளகும் அரைத்துப் போட்டு மூன்று மணி நேரம் சின்னத் தீயில் வைக்கிறார், கடைசியில் சட்டியோடு ஒட்டிப் பிடிக்கிற பதத்தில் கறிவேப்பிலையை உருவிப் போட்டு இறக்குகிறார். "தம்பி, அடிச்சட்டி வேணுமா" என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள். சட்டியிலேயே கொஞ்சம் சோற்றைப் போட்டுப் புரட்டித் தருவார். கள்ளுக்கடைக் காலத்துக் கைப்பக்குவம் அது. அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடி, தோட்டத்து ஜனமும் தாமான்களுக்குக் குடி போய்விட்ட பிறகு, இந்த மாதிரிச் சட்டி இன்னும் எத்தனை அடுப்பில் இருக்கிறது என்று தெரியவில்லை. பன்னிரண்டுக்கு மேல் போனால் குழம்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

மலாய்க்காரர் நாசி சம்புர் கடைக்கும் நம் ஆட்கள் போக வேண்டும், பலர் கூச்சப்பட்டுக்கொண்டு போவதில்லை. இருபது முப்பது தட்டு வரிசையாக இருக்கும், நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், கடைசியில் காக் தட்டைப் பார்த்து ஒரு கணக்குச் சொல்வார். நாம் மாடு சாப்பிடுவதில்லை என்றால், 'இனி டாகிங் கா?' (இது மாட்டிறைச்சியா?) என்று மலாயில் கேட்டுவிட்டு எடுங்கள். பேராக்கின் பெருமையான ரெண்டாங் தோக் என்கிற கெட்டிப் பிரட்டல் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான், கோழி ரெண்டாங் தனியாக இருக்கும். ஆனால் அங்கே நான் தேடிப் போவது பாத்தின் மீன் தெம்போயாக். தெம்போயாக் என்றால் டுரியானைப் புளிக்கவைத்தது. முதல் வாய் வைக்கும்போது மூக்கும் நாக்கும் சண்டை போடும். மூன்றாவது வாயில் நம் ஊர் மாங்காய் மீன் குழம்பின் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்துவிடும், அதே புளிப்பு, அதே காரம், வாசம் மட்டும் வேறு வீட்டு வாசம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்தில் மலாய்க் கடைகளும் மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் கடைகளும் ஒன்றிரண்டு மணி நேரம் மூடியிருக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்குத்தான் மீ ரெபுஸ். சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்தில் மஸ்தான் கனி என்று பேர் போன கடை ஒன்று இருக்கிறது, சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மஞ்சள் மீயின் மேல் கிழங்கு போட்டுக் கெட்டியாக்கிய குழம்பை ஊற்றி, மேலே பொரித்த சில்லுகளை உடைத்துப் போட்டுத் தருவது இது. வந்தவுடன் கிளறிவிடாதீர்கள். பாதியைக் கிளறாமல் மொறுமொறுவென்று சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தில் எலுமிச்சையைப் பிழிந்து கிளறுங்கள். எனக்குக் குழம்பு கொஞ்சம் இனிப்புதான், ஆனால் அந்த இனிப்பு இல்லையென்றால் அது எங்கள் ஊர் மீ ரெபுஸே இல்லை என்று அடிக்க வருவார்கள்.

சாப்பிட்டுவிட்டுக் கோபுரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றலாம். 1885-இல் லியோங் சூன் சோங் என்கிற சீனக் கட்டட ஒப்பந்தக்காரர் கட்டிய மணிக்கூண்டு. வெளியே பார்த்தால் எட்டு மாடி மாதிரி தெரியும், உள்ளே மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டி, அந்தக் கனத்தில் மண் இறங்கிச் சாய்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் குடித்துவிட்டு வருகிறவர்களை அம்மா "ஆன்சன் மணிக்கூண்டு வருது பாரு" என்பார்.

அதே நேரத்தில் தள்ளுவண்டியில் வடை. பருப்பு வடை, இறால் வடை, கூடவே பிசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்), கரிபாப் (கறி பஃப்). இங்கே ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். சுங்கை மானிக் பக்கம் பஞ்சார் மக்கள் நிறையப் பேர், அவர்கள் முன்னோர் போர்னியோவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மொழியில் பலகாரத்துக்கே 'வடாய்' என்றுதான் பேர். ஒரு பஞ்சார் நண்பர் நோன்புச் சந்தையில் "வடாய் வாங்கலாம் வா" என்று கூட்டிப்போக, நான் பருப்பு வடையைத் தேடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். கிடைத்ததெல்லாம் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் போட்ட மாவுப் பலகாரம். இப்போதும் எங்களுக்குள் அது ஒரு சிரிப்பு.

ரொட்டி பிடித்தவர்களுக்கு ஜெண்டராட்டா பற்றி ஒரு வார்த்தை. 1906-இல் வெஸ்டன்ஹோல்ஸ் என்கிற டென்மார்க்காரர் தொடங்கிய தோட்டம் அது, இப்போது யுனைடெட் பிளான்டேஷன்ஸ். தோட்டத்துக்கென்று சொந்தமாக பேக்கரியே வைத்திருக்கிறார்கள். செம்பனைக்கு நடுவில் டென்மார்க் ரொட்டி வாசம் வருகிற இடம் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. தோட்டத்து ஆட்கள் யாரையாவது தெரிந்திருந்தால் கேட்டு வாங்குங்கள்.

சாயங்காலத்துக்கு மேல் ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். இரவுச் சந்தை ஒவ்வொரு தாமானுக்கும் ஒரு நாள், போய் நின்றபடி சாப்பிடலாம், உட்கார இடம் தேடாதீர்கள். தாய்லாந்துப் பக்கத்துச் சமையல் செய்யும் தொம்யாம் கடைகள் எட்டு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். இப்போது புதிதாக ஒன்று. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் வங்காளதேசத்து ஆட்களும் இந்தோனேசிய ஆட்களும்தான் அதிகம், அவர்களுக்கென்று சின்னச் சின்னக் கடைகள் கிளம்பியிருக்கின்றன. வங்காளதேசத்துக் கடை ஒன்றில் கடுகெண்ணெயில் பிசைந்த உருளைக்கிழங்கும் பருப்பும் சோறும் ஏழு வெள்ளிக்குச் சாப்பிட்டேன். என் பக்கத்தில் ஆறு பேர், எல்லாரும் இருபது வயசுப் பிள்ளைகள், கைப்பேசியில் வீட்டைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். என் தாத்தா கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்குக் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. ஞாயிறு சாயங்காலம் அந்தக் கடைகள் நிரம்பி வழியும். சம்பளம் போட்ட வாரம் இடமே கிடைக்காது.

ஆற்று இறாலும் கடல் மீனும் தின்ன வேண்டுமென்றால் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் போங்கள், காலா, கொடுவா, வவ்வால் எல்லாம் அன்றன்றைக்கு இறங்குவது. எது வந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள், பட்டியலைப் பார்த்துச் சொல்லாதீர்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு கடையில் (ஊரையும் பேரையும் விட்டுவிடுகிறேன்) பலகையில் இறால் விலை மலிவாகத் தெரிந்தது, கல்யாண நாள் என்று மனைவிக்கு நாலு பெரிய இறால் சொன்னேன். பில் வந்ததும் பார்த்தால் பலகையில் இருந்தது நூறு கிராமுக்கான விலை, அந்த 'நூறு கிராம்' மட்டும் எறும்பு எழுத்தில் மூலையில். நாலு இறாலுக்கு நூற்று நாற்பது வெள்ளி. சண்டை போட முடியாது, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் ஆற்று இறாலைக் கண்ணெதிரே நிறுக்கச் சொல்லுங்கள், மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள், சீன ஆன்ட்டிகள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இறால் நன்றாகத்தான் இருந்தது, தலையை உறிஞ்சியபோது அந்த ஆரஞ்சு நெய்... சரி விடுங்கள், பில் ஞாபகம் வருகிறது.

மணிக்கு மேல் நாள்கணக்கும் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் புரட்டாசியில் வாருங்கள். அமாவாசை கழிந்து நவராத்திரி தொடங்குகிற அதே நாட்களை ஒட்டித்தான் சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழாவும் பெரும்பாலும் தொடங்கும், அவர்களும் ஒன்பது நாள் சைவம். நம் கடையிலும் சைவம், சீனர் கடையிலும் மஞ்சள் கொடி கட்டிச் சைவம். சோயாவில் செய்த 'மீன்' தலைக் கறியை அங்கே போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள், என் அத்தை இது நிஜ மீன் என்று எழுந்தே போய்விட்டார். சித்ரா பௌர்ணமிக்கு வந்தால் கடையே தேட வேண்டாம். செட்டியார் கோயில் முருகன் ஊர்வலம் வருகிற தெருவெல்லாம் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், நாலு பந்தல் தாண்டுவதற்குள் வயிறு நிறைந்துவிடும், மோர் மட்டும் இடம் விட்டு வையுங்கள். நோன்பு மாசத்தில் பகலில் மலாய்க் கடைகள் மூடியிருக்கும், நாலு மணிக்கு மேல் நோன்புச் சந்தை. சீனப் புத்தாண்டு வாரத்தில் காப்பிக்கடை அங்கிள் குறைந்தது ஐந்து நாள் கடையை மூடிவிடுவார், அந்த ஐந்து நாளும் நான் லாரியில் கொட்டாவி விட்டுக்கொண்டே ஓட்டுவேன்.

அப்புறம் ஒன்று, திங்கட்கிழமை மட்டும் வராதீர்கள். சனி ஞாயிறு வெளியூர்க் கூட்டத்தைச் சமாளித்துவிட்டுப் பாதிக் கடைக்காரர்கள் அன்றைக்குத்தான் தூங்குகிறார்கள். கருவாட்டுக் குழம்பு அக்காவும் திங்கள் லீவு. நான் வீட்டில் தயிர்ச்சோறும் ஊறுகாயும்.